மாப்பிள்ளை ஃபிளாஸ்க்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் மனிதர்களுக்கு மட்டுமல்ல, செல்களுக்கும் பட்டப்பெயர் உண்டு. எதைக் கொடுத்தாலும் தின்றுவிட்டு இரண்டே நாளில், தான் வளர்கிற ஃபிளாஸ்க் பாட்டில் முழுக்கப் பரவிவிடுகிற ஒரு புற்றுநோய்ச் செல் அங்கே இருந்தது. முகம் தெரியாத யாரோ ஒரு நோயாளியிடமிருந்து எந்தக் காலத்திலோ எடுத்தது. எந்தச் சோதனையானாலும் முதலில் அதன் தலையில்தான் கட்டுவார்கள். அதற்குப் பெயர் குதிரை. இன்னொன்றுக்குப் பெயர் மாப்பிள்ளை. அதற்கு விலை உயர்ந்த சீரம்தான் ஆகும், இன்குபேட்டரில் தனித் தட்டு வேண்டும், கொஞ்சம் வேகமாக ஆட்டிவிட்டால் கோபித்துக்கொள்ளும். இந்தப் பெயரை வைத்த மாணவர்களுக்கு, அந்தச் செல்கள், அவற்றைப் பார்த்துக்கொள்கிற செல் ரூம் அக்காவின் கணவருடையவை என்று அப்போது தெரியாது. தெரிந்த அன்று நாக்கைக் கடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். இருக்கட்டும், அவருக்கு இந்தப் பேர் பிடிச்சிருக்கும் என்று அவள்தான் அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பினாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது மாமியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப உன் ஆபீஸ்தான் என் புள்ளைக்கு மாமியார் வீடா? அதான் சொகுசா போய் உக்காந்துட்டான்" என்றார். அவள் கணவர் இறந்தபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

செல் ரூம் என்பது ஜன்னல் இல்லாத ஓர் அறை. உள்ளே போக வேண்டுமென்றால் செருப்பை மாற்ற வேண்டும், கோட்டு போட வேண்டும், கையுறை மாட்டி அதன்மேல் ஸ்பிரிட் அடித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடித் திரை போட்ட ஒரு மேஜை, அதற்குள் எந்நேரமும் வடிகட்டிய காற்று வீசிக்கொண்டிருக்கும். கையை மட்டும் உள்ளே விட்டு வேலை பார்க்க வேண்டும். பக்கத்தில் உடம்புச் சூட்டிலேயே இருக்கிற இன்குபேட்டர். செல்களுக்குச் சாப்பாடு, சீரம் கலந்த மீடியம் என்கிற ரோஜா நிறத் தண்ணீர். தின்னத் தின்ன அது ஆரஞ்சாகும், பிறகு மஞ்சளாகும். மஞ்சள் என்றால் பசி. மஞ்சளாகும்வரை விடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. முகமூடிக்குள் உதடு அசைவது வெளியே தெரியாது என்பதால், மாப்பிள்ளை ஃபிளாஸ்க்கை எடுக்கும்போதெல்லாம் என்னங்க, பசிச்சிடுச்சா என்று கேட்பாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவள் கணவர் ஃப்ரீசர் மெக்கானிக். அங்கே இருந்த பெரிய ஃப்ரீசர் ஒன்று மக்கர் பண்ணியபோது வந்தார், சரி பண்ணிவிட்டுப் போனார். அடுத்த வாரம், சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். கெட்டுப்போகாத ஃப்ரீசரைப் பார்க்க ஒரு மனிதர் வாரா வாரம் வந்தால் யாருக்குத்தான் புரியாது? கட்டடத்துக்கே புரிந்தது, அவளுக்குத்தான் கடைசியில் புரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் வேலை முடிந்து வந்தால் அவர் கை ஜில்லென்று இருக்கும். சத்தம் போடாமல் பின்னால் வந்து அதை அவள் கழுத்தில் வைத்து அலற வைப்பது அவருக்கு ஒரு விளையாட்டு. எத்தனை தடவை திட்டியிருக்கிறாள். அந்தக் கை இன்னும் ஒரு தடவை கழுத்தில் படாதா என்று இப்போது கிடந்து தவிக்கிறாள்.

வயிற்று வலி என்றுதான் ஆரம்பித்தது. குடலில் கட்டி என்றார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. மாமனாரும் இதே நோயில், ஏறத்தாழ இதே வயதில் போனவர் என்று தெரிந்ததும் டாக்டர் மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அதில் விஷயம் வெளியே வந்தது.

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் தன்னுள்ளே இருக்கிற டி.என்.ஏ. மொத்தத்தையும் நகல் எடுத்தாக வேண்டும். கோடிக்கணக்கான எழுத்துகள். அவ்வளவையும் மளமளவென்று பார்த்து எழுதும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிழை விழத்தான் செய்யும். அதற்காகவே, பின்னாலேயே வந்து பிழையைத் திருத்திக்கொண்டு போகிற புரதங்கள் சில உண்டு. அவற்றில் ஒன்றைச் செய்கிற மரபணு, அப்பா வழியில் அவருக்குக் கெட்டுப்போனதாக வந்திருந்தது. அம்மா வழியில் வந்த நல்லது ஒன்று இருந்ததால் இத்தனை வருஷம் வண்டி ஓடியது. குடலில் ஏதோ ஒரு செல்லில் அந்த நல்லதும் கெட்டது. அதிலிருந்து அந்தச் செல்லில் பிழை திருத்த ஆளில்லை. பிழைமேல் பிழை சேர்ந்து, போதும் நிறுத்து என்று சொல்கிற எழுத்துகளும் கெட்டு, அது நிற்காமல் பிரியத் தொடங்கியது. இதை அவள் மாமியாரிடம் விளக்கிச் சொன்னாள். "வீடு வாசல்னு ஒண்ணும் வெச்சுட்டுப் போகல அந்த மனுஷன். இதை மட்டும் மறக்காம எழுதி வெச்சிருக்காரு" என்றார் மாமியார்.

பிழைதிருத்தி இல்லாத செல்களை மட்டும் பார்த்துக் கொல்கிற ஒரு மருந்தை, அந்தக் கூடத்தை நடத்திய பேராசிரியை தேடிக்கொண்டிருந்தார். ஆபரேஷனில் எடுத்த கட்டியிலிருந்து ஒரு துண்டு கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கணவர் படுக்கையில் சாய்ந்தபடியே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "இவதான் அதுக்குச் சோறு போடணும் மேடம். வேற யாரும் கை வெக்கக் கூடாது." பேராசிரியை சிரித்தார், அவள் சிரிக்கவில்லை.

செல்கள் முதலில் முரண்டு பிடித்தன. ஃபிளாஸ்க்கின் அடியில் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டு, பிரிவேனா பார் என்று கிடந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று அவற்றில் கொஞ்சத்தை எடுத்து, சுண்டுவிரல் அளவு குப்பி ஒன்றில் அடைத்து, திரவ நைட்ரஜன் டேங்கில் உறைய வைத்தாள். அப்போது அவர் அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த ஆஸ்பத்திரி வார்டில் உயிரோடு இருந்தார். சில வாரங்களில் போய்விட்டார். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் வந்து ஓயும் முன்பே அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஊரே மூக்கில் விரல் வைத்தது. வீட்டில் அவர் அறவே இல்லை, இங்கே கொஞ்சமாவது இருக்கிறார் என்பதை ஊருக்கு எப்படிச் சொல்வது?

அப்புறம் ஒரு நாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்தபோது மாப்பிள்ளையின் மீடியம் மஞ்சளாகியிருந்தது. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பதறிப்போய் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். அடி முழுக்கச் செல்கள். கூழாங்கல் பரப்பிய மாதிரி நெருக்கிக்கொண்டு, பளபளவென்று. மாடிப்படிக்கு ஓடிப்போய் வீட்டுக்குப் போன் பண்ணினாள். "அத்தை, அவர் வளர ஆரம்பிச்சுட்டார்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அன்று ராத்திரி இரண்டு பெண்களும் வெகுநாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்கள்.

முன்பு நீளநீளமாகக் கிடந்த செல்கள் இப்போது உருண்டையாக இருக்கின்றனவே என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. பேராசிரியையிடமும் சொன்னாள். பிழைதிருத்தி இல்லாத செல் ஒரு நிலையில் நிற்காது, நாளுக்கொரு வேஷம் போடும், அதுதானே அந்த நோயின் குணம் என்று அவர் சொன்னார். அது நியாயமான பதில்தான். அந்த வேஷங்களைப் பற்றியே ஒரு கட்டுரையும் எழுதி அச்சேற்றினார்கள்.

வருஷங்கள் ஓடின. சாயங்காலம் அவள் வீடு திரும்பியதும் மாமியார் கேட்கிற முதல் கேள்வி, இன்னிக்கு எப்படி இருக்கான் என்பதுதான். நல்லா சாப்பிடறார் அத்தை என்பாள். பெரிய பிள்ளை தன்னோடு வந்து இருக்கும்படி கூப்பிட்டும் மாமியார் போகவில்லை. சின்னவனை விட்டுட்டு எப்படி வர்றது என்று கேட்டு அவன் வாயை அடைத்தார். அவளுடைய சொந்த அக்கா, இன்னும் எத்தனை நாளைக்கு ஒரு பாட்டிலைக் கட்டிக்கிட்டு அழப்போறே, வேற கல்யாணம் பண்ணிக்கோ என்று ஒரு தடவை சொன்னாள். அதன்பிறகு அவள் அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தான் சோறு போட்டு வளர்ப்பது அவரைக் கொன்ற செல்களைத்தான் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? நன்றாகத் தெரியும். அவற்றைத் தவிர அவருடைய உடம்பில் வேறு எதுவும் உலகத்தில் மிச்சமில்லை என்பதும் தெரியும். குழந்தையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் அவர்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில்தான் டவுட்டு வந்து சேர்ந்தாள். எதைச் சொன்னாலும் எப்படித் தெரியும் என்று கேட்கிற ஆராய்ச்சி மாணவி. அதனால்தான் அந்தப் பெயர். பேராசிரியையின் புது மருந்தை அவள் மாப்பிள்ளையின்மேல் போட்டுப் பார்த்தாள். சாக வேண்டிய செல்கள் சாகவில்லை. மருந்தில் கோளாறு என்று எல்லோரும் சொன்னார்கள். டவுட்டு அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. இந்தச் செல்லில் அந்தப் புரதம் இல்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டு, தானே சோதித்தாள். ஒரு நாள் மத்தியானம், புரதம் இருந்தால் கோடு விழுகிற ஃபிலிமை எடுத்துக்கொண்டு செல் ரூம் வாசலில் வந்து நின்றாள். வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. பிழைதிருத்திப் புரதம் அந்தச் செல்களில் கொழுகொழுவென்று இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் செல் ரூமில் இருந்தவளின் மனசு துள்ளியது. அவருக்குச் சரியாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். இத்தனை வருஷம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டதில் அவருக்கு நல்லாகிவிட்டது. அப்படியெல்லாம் தொலைந்த மரபணு தானாகத் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு நிமிஷம் அப்படி நினைத்தாள், அந்த ஒரு நிமிஷம் அவ்வளவு நன்றாக இருந்தது.

பேராசிரியை அடையாளச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். டி.என்.ஏ.யில் சில இடங்களில் ஒரே எழுத்துக்கூட்டம் திரும்பத் திரும்ப வரும். எந்த இடத்தில் எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். அவள் கணவரின் ரத்தத்திலிருந்து அந்தக் காலத்திலேயே எடுத்து வைத்த டி.என்.ஏ. இருந்தது. அதையும் ஃபிளாஸ்க்கையும் ஒப்பிட்டார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஃபிளாஸ்க்கில் இருந்தது குதிரை.

பேராசிரியை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, எத்தனையோ ஆராய்ச்சிக்கூடங்களில் நடப்பதுதான், வேகமாக வளர்கிற செல் ஒன்றே ஒன்று தவறி விழுந்தால் போதும், மெதுவாக வளர்கிறதைத் தின்று தீர்த்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்றார். அச்சான கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளப் போவதாகவும் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டிருந்தது.

ஒரு பாட்டில் மீடியத்தை ஒரு செல்லுக்குத்தான் பயன்படுத்த வேண்டும். அந்த அறையில் முதல் சட்டமே அதுதான், புதிதாக வருகிறவர்களுக்கு அவளே அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பாள். அவர் போன புதிதில் சீரம் வந்து சேரத் தாமதமாயிற்று. மாப்பிள்ளைக்கென்று வைத்திருந்த பாட்டில் காலியாகிவிட்டது. காலையில் குதிரைக்கு ஊற்றிய பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இன்னிக்கு ஒரு நாள் மட்டும், அவரைப் பட்டினி போட முடியுமா என்று அந்த மிச்சத்தை எடுத்து ஊற்றினாள். ஆசையால் செய்த காரியம். அந்தப் பாட்டிலில் ஏதோ ஒரு குதிரைச் செல் மிதந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் வளர ஆரம்பித்துவிட்டார் என்று படிக்கட்டில் நின்று அழுதாளே, அன்று அவர் முழுசாகக் காணாமல் போயிருந்தார்.

பேராசிரியை சொன்ன அன்றே, செல்களை அழிக்க ஃபிளாஸ்க்கில் ப்ளீச்சிங் திரவத்தை ஊற்ற வேண்டியிருந்தது. ஊற்றப் போய் நின்றுவிட்டாள். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், எல்லோரும் வீட்டில் படுத்துக்கிடக்கும்போது வந்து வந்து ஊட்டிய சோறு. யாரோ ஒரு அந்நியருக்குத்தான் போட்டிருக்கிறாள், அவரிடம்தான் என்னங்க என்று குழைந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, ஆத்திரமாக இருந்தது, அதற்கு நடுவில் அந்த அந்நியர்மேல் பாவமாகவும் இருந்தது. ஊற்றினாள். ரோஜா நிறம் வெளுத்துப்போயிற்று.

டேங்கில் மாப்பிள்ளை என்று எழுதி வைத்திருந்த குப்பிகளை வரிசையாகச் சோதித்ததில் எல்லாம் குதிரை. மிஞ்சியது ஒன்றே ஒன்று. அவர் வார்டில் இருந்தபோது அவள் உறைய வைத்த அந்தச் சுண்டுவிரல் குப்பி. அதை மட்டும் யாரும் தொடவில்லை. உருக்கினால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். ஆரம்பத்திலேயே நோஞ்சான் செல்கள், எண்ணிக்கையும் குறைவு. மறுபடி உறைய வைக்கிற அளவுக்குத் தேறுவது சந்தேகம்தான். உருக்காமல் விட்டால் டேங்குக்கு நைட்ரஜன் ஊற்றுகிறவரை அப்படியே இருக்கும். "அதை என்ன பண்ணலாம்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார் பேராசிரியை.

வீட்டில் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. பாட்டில் விஷயத்தையும் சேர்த்தே சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. மாமியார் திட்டவில்லை. அந்தக் குப்பி எவ்வளவு குளிரில் இருக்கிறது என்று கேட்டார். சொன்னாள். அவருக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை. ஐஸைவிட ரொம்பவா என்றார். ரொம்ப ரொம்ப என்றாள்.

"வேலை செஞ்ச காலம் பூரா ஃப்ரீசர்ல கைய விட்டுக்கிட்டே இருந்தவன். இன்னும் எதுக்கும்மா அவனைக் குளிர்ல வெக்கணும்? வெளிய எடு."

எடுத்தால் அவர் பிழைக்காமல் போய்விடலாம் அத்தை என்றாள். "போனா போறான். நான் ஒரு தடவை பாத்துடறேன்" என்றார் மாமியார்.

குப்பியை வெந்நீர்த் தொட்டியில் பிடித்து, உள்ளே அரிசியளவு பனிக்கட்டி மிஞ்சும்வரை மெதுவாக அசைத்தாள். புது பாட்டில், புது பிப்பெட், துடைத்துத் துடைத்து வழுவழுத்த மேஜை. அறையில் வேறு எந்தச் செல்லும் இல்லாதபடி மாணவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். சொல்லாமலே செய்தார்கள். சொட்டுச் சொட்டாக மீடியத்தை விட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றி, இன்குபேட்டரில் வைத்து, கதவைச் சாத்தினாள். மறுநாள் பார்த்தபோது முக்கால்வாசி செத்து மிதந்தன. அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தன. நீளநீளமாக, மெல்லிசாக, ஒன்றை விட்டு ஒன்று தள்ளி. இப்படித்தான் இருந்தார் என்பதையே அவள் மறந்துவிட்டிருந்தாள்.

மாமியார் வந்தார். கோட்டு தரையில் புரண்டது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டு, என் இமை முடிதான் தெரியுது என்று புகார் சொன்னார். அவள் பின்னால் நின்று தலையைப் பிடித்து நேராக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து மாமியாரின் தோள் அசையாமல் நின்றுபோயிற்று.

"இது என் புள்ளையா, அவனுக்கு வந்த நோயா?"

"ரெண்டும்தான் அத்தை. அவர்தான் நோயா மாறினார்."

மாமியார் கண்ணை எடுக்கவில்லை. ரொம்ப இளைச்சிருக்கான் என்று மட்டும் சொன்னார். இது அவர்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது அத்தை, சோதித்தால்தான் தெரியும் என்று அவள் சொல்லி வைத்தாள். செத்தவற்றில் டி.என்.ஏ. சிதைந்துவிடும் என்பதால், சோதிக்க வேண்டுமென்றால் உயிரோடு ஒட்டியிருக்கும் செல்களை உடைத்து உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும் என்பதை அப்போது சொல்லவில்லை.

அடுத்த நாட்களில் அவள் வீட்டுக்குப் போனதெல்லாம் பேருக்குத்தான். செல்கள் பிரியவில்லை. மீடியம் மஞ்சளாகவே இல்லை, ரோஜா நிறத்திலேயே நின்றது. அவர் சாப்பிடவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம், ஓரத்தில் கிடந்த ஒரு செல் கைகாலைச் சுருக்கிக்கொண்டு உருண்டையாவதைப் பார்த்தாள். சாகப்போகிறது என்று நினைத்தாள். சாகவில்லை. நடுவில் ஒரு கோடு விழுந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். அது இழுபட்டது, இடுப்பு ஒடுங்கியது, இரண்டாயிற்று. கோடிக்கணக்கான எழுத்துகளையும், அவர் அப்பா எழுதிவைத்த பிழையோடும் அதற்கப்புறம் விழுந்த பிழைகளோடும், ஒன்று விடாமல் பார்த்து எழுதி முடித்திருக்கிறது. அவள் வாய்விட்டே என்னங்க என்று கூப்பிட்டுவிட்டாள். வாசலில் நின்ற டவுட்டு சத்தம் போடாமல் நகர்ந்து போனாள்.

அந்த ஒன்றோடு சரி. வேறு எதுவும் பிரியவில்லை. ஒட்டியிருந்தவை ஒவ்வொன்றாகப் பிடியை விட ஆரம்பித்தன. டவுட்டு வந்து, தயங்கிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, தெரிஞ்சுக்கணும்னா இன்னிக்கே பண்ணணும். இன்னும் விட்டா சோதிக்கவும் ஒண்ணும் மிஞ்சாது."

வீட்டில் மாமியார் ஒரே பிடியாக வேண்டாம் என்றார். தெரிஞ்சு என்ன ஆகப் போகுது, இருக்கிறவரைக்கும் இருக்கட்டும், அவனா இருந்தாலும் நாமளே கொல்லணுமா என்றார். அவளுக்கும் அப்படி விட்டுவிட ஆசைதான். ஆனால் இத்தனை வருஷம் தெரியாமல் யாரோ ஒருவரோடு குடும்பம் நடத்தியாயிற்று. மறுபடி ஒரு சந்தேகத்தோடு வாழ அவளுக்குத் தெம்பில்லை. இதைச் சொன்னபோது மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, நீயே பண்ணு, வேற யார்கிட்டயும் குடுக்காதே என்றார்.

அவளே செய்தாள். அவர் வார்டில் உயிரை விட்டபோது அவள் அங்கே இல்லை, கீழே இதே அறையில் அவருடைய செல்களுக்கு மீடியம் மாற்றிக்கொண்டிருந்தாள். யாரோ ஓடி வந்து சொன்னார்கள். இந்தத் தடவை மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுப்பதில்லை என்று வைராக்கியமாக உட்கார்ந்தாள். பழைய மீடியத்தை எடுத்துவிட்டு, செல்லை உடைக்கிற திரவத்தை ஊற்றினாள். ஓரங்கள் மங்கின, உள்ளே இருந்த வட்டங்கள் மங்கின, பிறகு வெறும் கண்ணாடி மாதிரி ஆயிற்று. அந்தத் தண்ணீரைச் சிறு குழாயில் எடுத்து மூடி, டவுட்டுவின் கையில் கொடுத்தாள்.

முடிவு வந்ததும் டவுட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் ஒவ்வொரு இடமாகக் காட்டினாள். ரத்தத்தில் இருந்த கணக்கோடு பொருந்துகிறது. சில இடங்களில் ஓர் எண் கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தது. பிழைதிருத்தி இல்லாததால் அப்படித்தான் இருக்க வேண்டும், அப்படி இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும் என்றாள். "எனக்கே டவுட்டு இல்ல அக்கா" என்று சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்தான் அத்தை என்றாள். மாமியார் ஒரு துண்டை மடித்தார், அதையே பிரித்து மறுபடி மடித்தார். கொஞ்சமாவது மிச்சம் இருக்கா என்று கேட்டார். இல்லை என்றாள். வலிச்சிருக்குமா என்று கேட்டார். அதெல்லாம் தெரியாது அத்தை அதுகளுக்கு என்றாள். தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லாத ஒன்று உண்டு. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. ஆள் இன்குபேட்டரில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாரை நினைத்து ஏங்குவது? மாமியார்தான் முதலில் சொன்னார்.

"எனக்கு அவனைப் பாக்கணும் போல இருக்கும்மா."

நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன் அத்தை என்று சொல்ல இனி இடமில்லை. அவள் மாமியாரின் மடியில் கிடந்த துணிகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அங்கே தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"எனக்கும் அத்தை" என்றாள்.